துரைமாரு மீனுக்கு ஒரு ரீல்

காசல்ரீ தேக்கத்தில் மீன் பிடிக்க ஒரு மூங்கில் கழி போதும். அதோடு கொஞ்சம் தங்கூசி, ஒரு தூண்டில் முள், பால்மா டின்னில் மண்புழு, வீட்டில் யாரும் நம்மைத் தேடாத ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிடைப்பது திலாப்பியா, யோகம் இருந்தால் கெண்டை. கெஹெல்கமு ஓயாவை மறித்து, 1965இல் விமலசுரேந்திர மின்நிலையம் ஓட ஆரம்பித்த காலத்திலிருந்து நோர்வூட்காரர் யாரும் இந்த ஏற்பாட்டில் குறை கண்டதில்லை. கட்டாரில் வேலை செய்யும் என் மச்சான் கண்டுவிட்டான்.

போன லீவில் வந்தவன் இரண்டு பொய் மீன்களைக் கொடுத்துவிட்டுப் போனான். ஒன்று சுவிம் பெய்ட்: வால் மட்டும் ரப்பர், இழுத்தால் ஆட்டிக்கொண்டே வரும். மற்றது கிளைட் பெய்ட். நடுவில் கீல் வைத்த இரண்டே துண்டு. சுண்டினால் இடப்பக்கம் ஒரு சறுக்கு, வலப்பக்கம் ஒரு சறுக்கு. இரண்டும் எட்டு அங்குலம், ஆளுக்கு 170 கிராம். வயிற்றில் இரண்டு மும்முனை முள், விலாவில் இளஞ்சிவப்புக் கோடு, நம்மையே முறைக்கும் கண்ணாடிக் கண்.

பெரியப்பா ஒன்றைக் கையில் தூக்கிப் பார்த்தார். "இது துரைமாரு மீனுல்ல? எங்க புடிச்சீங்க?"

பெரியம்மா மஞ்சத்தூளோடு வெளியே வந்தார். பிளாஸ்டிக் என்று விளங்கப்படுத்திய பிறகும் அந்த டப்பாவைக் கையிலேயே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

பெரியப்பா ஆளை அடையாளம் கண்டது சரிதான், இரண்டும் டிரவுட் மீனின் உருவம். வெள்ளைக்காரத் துரைமார் 1880களில் டிரவுட் முட்டைகளைக் கப்பலேற்றிக் கொண்டுவந்து நுவரெலியா ஓடைகளில் விட்டார்கள். 1896இல் அதற்கென்று ஒரு மீன்பிடிக் கழகமே வைத்தார்கள். அவர்கள் எறிந்தது இறகில் கட்டிய ஈ. ஒரு கிராம்கூட வராது. அதே டிரவுட்டைக் கலிபோர்னியாவில் ஏரிகளில் விட்டபோது, அங்கிருந்த பாஸ் என்ற மீன் அதைத் தின்று கொழுத்தது. கொழுத்த பாஸைப் பிடிக்க டிரவுட் மாதிரியே பெரிய பெரிய பொய் இரைகளைச் செய்தார்கள். பாஸில் உலக சாதனை 22 இறாத்தல் சொச்சம், ஏறக்குறைய பத்துக் கிலோ. 1932இல் ஜோர்ஜியாவில் பிடித்தது. 2009இல் ஜப்பானின் பிவா ஏரியில் ஒருவர் அதைச் சமன் செய்தார். அந்த வாய்க்கு எட்டு அங்குலம் ஒரு கவளம். நம்ம திலாப்பியா இதைக் கண்டால் வழிவிட்டு ஒதுங்கும்.

"ரீலை மட்டும் நீயே பாத்து வாங்கிக்க மச்சான்" என்று சொல்லிவிட்டு அவன் விமானம் ஏறிவிட்டான்.

தேத்தண்ணிக் கடையில் விஷயம் கசிந்ததும் ஊரே ஆலோசனை சொன்னது. எல்லாருக்கும் ஒரே கேள்வி: "எத்தன கிலோ மீனுக்கு?" கேள்வியே பிழை என்பது என் கட்சி. மீன் வந்தால் ஒரு தடவை வரும். இரையையோ ஒரு காலையில் நூறு தடவை எறிந்து நூறு தடவை இழுக்க வேண்டும். ரீல் சுமக்கப்போவது இரையைத்தான். மீனே இல்லாத தண்ணியிலும் இந்த ரீல் முழுநேர வேலை செய்யும். காசல்ரீக்கு அதைவிடப் பொருத்தம் வேறென்ன?

இந்தக் கனத்துக்குப் பெய்ட்காஸ்டிங் ரீல்தான். அதில் எறியும்போது உருளையே சுழன்று நூலைக் கொடுக்கிறது. இரை தண்ணீரில் விழுந்து நின்ற பிறகும் உருளை சுழன்றால், நூல் பேன் பார்க்காத தலை மாதிரி ஆகிவிடும். பாதி வழியில் சிக்கினால் இன்னும் மோசம்: 170 கிராம் பறக்கிற வேகத்தில் நூல் அறுந்து, டிரவுட் தனியாக அக்கரைக்குப் போய்விடும். அதனால்தான் பிரேக். ஒருவகையில் காந்தம் உருளையை மந்தப்படுத்தும். இன்னொன்றில் சுழலும் வேகத்தில் சின்னக் கட்டைகள் வெளியே தள்ளப்பட்டு உரசும். எதுவானாலும் கடைசிப் பிரேக் கட்டைவிரல்தான்.

இதையெல்லாம் அட்டனில் வாட்ச் திருத்தும் நண்பரிடம் கொண்டுபோனேன். காரணம் இருக்கிறது. பல்சக்கரம் வைத்த ரீலை 1800களின் தொடக்கத்தில் கென்டக்கியில் செய்த ஜோர்ஜ் ஸ்னைடர் ஒரு கடிகாரக்காரர். 1952இல் அம்பாசடர் ரீலை இறக்கிய சுவீடனின் ஆபு கம்பெனியும் முதலில் கடிகாரம் செய்த கம்பெனிதான். நண்பர் ஒற்றைக்கண் லென்ஸைக் கழற்றாமலே போனில் ரீல்களின் உள்படங்களைப் பார்த்தார். "பல்லு பெருசா இருக்குறத வாங்குங்க. மத்ததெல்லாம் பவுடர் பூச்சு."

மெத்தச் சரி. கைபிடியை ஒரு சுற்றுச் சுற்றினால் உருளை ஏழு சுற்றுப் போவது வேகமான ரீல். ஐந்து சுற்றுச் சொச்சம் போவது பலமான ரீல். தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வரும் சுவிம் பெய்ட்டுக்கு ஐந்து நல்லது, மணிக்கட்டு தப்பும். கிளைட் பெய்ட்டை அரைச் சுற்று, நிறுத்து, அரைச் சுற்று என்று ஓட்டுவதால், தொங்கும் நூலை அள்ள ஏழுதான் தேவை என்று அடித்துச் சொல்கிறவர்களும் உண்டு. இரண்டுக்கும் நடுவே ஆறு சொச்சம் இருக்கிறது. ரீல் ஒன்றுதான் என்பதால் அதுவே என் தீர்ப்பு. நீளமான கைபிடி, பெரிய குமிழ். உருளை மட்டும் முந்நூறாம் அளவுக்குக் குறையக் கூடாது, ஏனென்றால் 65 இறாத்தல் தாங்கும் பின்னல் நூல் நிறையக் கொள்ள வேண்டும். பக்கத்து மவுசாகலைத் தேக்கத்தில் கோடையில் தண்ணீர் வற்றினால் மூழ்கிப்போன பழைய மஸ்கெலியாவின் கோயில் வெளியே தெரியும். தண்ணீர் நிறைந்த காலத்தில் முள் அங்கே மாட்டினால், பலமான நூல் இருந்தால் மீட்கலாம். இல்லாவிட்டால் காணிக்கை.

விலை இருநூறு, முந்நூறு டொலர். பெரியப்பா அதை ரூபாயாக்கி, ரூபாயை நாட்கூலிப் பேராக்கி, எத்தனை நாள் மலைக்குப் போய்ப் பேர் போட வேண்டும் என்று விரல்விட்டு எண்ணினார். விரல் தீர்ந்ததும் என் விரல்களைக் கேட்டார்.

எப்படியோ ஓர்டர் போட்டு, மச்சானுக்கு மெசேஜும் போட்டேன். உடனே அழைத்தான். "ரீல் சரி, ராட்?" இந்த எடைக்கு எட்டு அடி ராட் வேண்டுமாம், அதுவும் மடங்காதது. எங்கள் லயத்துக் காம்பராவே பத்துக்குப் பன்னிரண்டு. கொழும்பில் வாங்கலாம், அட்டன்வரை ரயிலில் வந்துவிடும். அதற்கப்புறம் பொகவந்தலாவை பஸ்தான். முன்கூட்டியே கண்டக்டரிடம் விசாரித்து வைத்தேன்.

"உள்ள படுக்கப் போட்டா அரை டிக்கட்ணே. ஜன்னலுக்கு வெளிய நீட்டுனா, டிக்கோயா தாண்டுறதுக்குள்ள யாரு தொப்பி மாட்டுதோ அவங்களுக்கு நீங்கதான் பதில் சொல்லணும்."