அன்னப் படகா, மோட்டார் படகா: ஊவாத் தோட்டக் குடும்பங்களின் வாவி உலா குறித்த ஓர் ஆய்வு

ஏப்ரல் வசந்தகாலம் பிறந்ததும் பசறை, ஹாலி-எல, நமுனுகுலப் பக்கத்துத் தோட்டக் குடும்பங்கள் வேன் பிடித்து வெலிமடை வழியாக நுவரெலியாவுக்கு ஏறுவதும், கிரகரி வாவிக் கரையில் நின்று மிதிக்கும் அன்னப் படகா, மோட்டார் படகா என்று வாதிடுவதும் யாவரும் அறிந்ததே. தேயிலைச் செடியின் கவ்வாத்து முதல் கொழுந்தின் ஈரம் வரை ஆராய்ந்து நூல் செய்தவர்கள் இந்த வாதத்தை மட்டும் தொடவில்லை. 1873இல் ஆளுநர் வில்லியம் கிரகரியின் காலத்தில் வாவியை அமைத்தவர்களும், மலையில் வேலை செய்தவர்களின் சந்ததி ஒருநாள் டிக்கெட் வாங்கி அதில் மிதக்கும் என்று கணக்குப் போட்டிருக்க மாட்டார்கள். ஆகவே, ஊவாக் குடும்பத்துக்கு உகந்தது மோட்டார் படகே என்று நிறுவும் பொறுப்பு இக்கட்டுரையின் தலையில் விழுகிறது.

முதன்மையான ஆதாரம் தோட்டத்தின் வேலைப் பதிவேடான செக்ரோலில் இருக்கிறது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய், மலை ஏறி, சொன்ன கிலோவுக்குக் கொழுந்து எடுத்தால்தான் முழுப்பேர், அதாவது முழுநாள் சம்பளம்; குறைந்தால் அரைப்பேர். உழைப்பவருக்குக் காசு கொடுப்பது என்ற இந்த முறையில் ஆயிரம் குறை சொல்லலாம், சொல்லியும் வருகிறோம். ஆனால் உழைப்பவரே காசும் கொடுக்க வேண்டும் என்று வெள்ளைக்காரத் துரைகூடக் கேட்டதில்லை. அன்னப் படகு கேட்கிறது. கவுண்டரில் பணத்தைக் கட்டிவிட்டு, இருக்கையில் அமர்ந்து, படகுக்காரரின் படகைத் தன் காலாலேயே ஓட்டித் தன் காலாலேயே திருப்பிக் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும். இதற்குப் பேரும் இல்லை, கைக்காசும் இல்லை. அதிலும் மிதிப்பது யார் என்று பார்க்க வேண்டும். பிள்ளைகளுக்குக் கால் எட்டாது; பாட்டிக்கு முழங்கால் வலி; மாமா படம் எடுப்பதில் மும்முரம். எஞ்சுவது கிழமை முழுவதும் சரிவில் ஏறி இறங்கிய அம்மாவின் கால்கள். அவருக்குக் கிடைத்த ஓய்வு நாளில் அந்தக் கால்களை மறுபடி வேலைக்கு இறக்குவதை உல்லாசம் என்று எந்த அகராதியும் ஒப்பாது.

மறுப்புகள் உண்டு. அன்னப் படகுக்குச் செலவு குறைவு என்பார்கள். மெய்தான், ஆனால் அந்தக் குளிரில் மிதித்து இறங்கியவருக்குப் பசி எடுக்கும், மிச்சம் பிடித்த காசு கரையிலேயே வடைக்கும் பிளேன்டீக்கும் போய்விடும். மோட்டார் படகு புறப்பட்ட இடத்துக்கே வந்து சேருகிறதே, இதற்கா காசு என்று கேட்பவர்களும் உண்டு. அன்னமும் அப்படித்தான் வருகிறது என்பதைவிட நல்ல விடை தெமோதரை ரயில் நிலையத்தில் இருக்கிறது. பதுளையிலிருந்து போகும் ரயில் அந்த நிலையத்துக்கு அடியிலுள்ள சுரங்கத்தில் புகுந்து, மலையைச் சுற்றி ஏறி, மேலே அதே நிலையத்துக்கு வந்து நிற்கிறது. அதைக் காணவே உலகத்தின் மறுகோடியிலிருந்து ஆட்கள் வருகிறார்கள்; நடுவழியில் இறங்கித் தள்ளச் சொல்லி யாரையும் கேட்பதில்லை. வலுவான மறுப்பு ஒன்றே: மோட்டார் படகு வேகமாகச் சுற்றுவதால் இன்பமும் விரைவில் தீர்ந்துவிடுகிறது. இதை முழுமையாக மறுக்க முடியாது. எனினும் அந்தச் சில நிமிடங்களில் குடும்பம் முழுவதும் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்கிறது. லயத்து வீட்டில் அப்படியொரு காட்சி தீபாவளியன்றும் அமைவதில்லை, அன்றும் ஒருவர் அடுப்படியில்தான் நிற்பார்.

இளசுகள் அன்னத்தில்தான் போவோம் என்று அடம்பிடித்தால் தனியே அனுப்பிவையுங்கள், அவர்கள் இன்னும் செக்ரோலில் ஏறாதவர்கள். அம்மாவையும் பாட்டியையும் மோட்டார் படகின் நடுவில் இருத்துங்கள். எந்தப் படகானாலும் உயிர்காப்பு அங்கி எல்லோருக்கும் இருக்கிறதா என்று பார்த்த பிறகே ஏறுங்கள்.