கணியம்பாடியின் பெரும்புள்ளி

வேலூரிலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையில் அமைந்த கணியம்பாடியிலும் அதை ஒத்த சாலையோர ஊர்களிலும் கைப்பேசிச் செயலிகளின் வருகைக்குப் பின் தோன்றிப் பெருகியுள்ள ஒரு மனித வகையை, சமூகவியலார் இன்னும் பெயரிடாத காரணத்தால், 'பாயிண்ட்காரர்' என்று அழைத்துக்கொள்வதில் தவறில்லை. உணவகங்கள் நடத்தும் லாயல்டி திட்டங்களில், அதாவது வாடிக்கையாளர் செலவிடும் தொகைக்கு ஏற்பப் புள்ளிகளை வரவு வைத்து, அவை ஓர் அளவை எட்டியதும் ஏதேனும் ஓர் உணவை இலவசமாகத் தரும் ஏற்பாடுகளில், உறுப்பினராக இருப்பதே இவ்வகையினரின் முதல் அடையாளம். பசி எடுப்பது இரண்டாம் அடையாளம். அது எல்லா நேரங்களிலும் தேவைப்படுவதில்லை.

இத்தகைய திட்டங்கள் பெரும்பாலும் 'ஃபாஸ்ட் கேஷுவல்' எனப்படும் உணவகங்களையும் அவற்றின் உறவினரான பீட்சா, பர்கர் கடைகளையும் சார்ந்தவை. மேசைக்கு வந்து ஆர்டர் எடுக்கும் சர்வர் இல்லாமல், கவுண்டரில் பணம் கட்டி டோக்கன் வாங்கி, எண் ஒளிர்ந்ததும் தட்டைத் தாமே தூக்கி வருவதும், ஆயினும் துரித உணவைவிடச் சற்றுக் கூடுதலாகச் செலவிட்டோம் என்ற நிறைவோடு எழுவதும் ஃபாஸ்ட் கேஷுவலின் இலக்கணம். 1993-இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் தொடங்கிய சிபோட்லே அதன் முன்னோடிகளுள் ஒன்று. துரித உணவுக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை ஆய்வாளர்கள் நுணுக்கமாக வகுத்துள்ளனர் எனினும், ஏ.சி.யும் செயலியும் இருந்தால் இரண்டும் ஒன்றே என்பது பாயிண்ட்காரரின் துணிபு.

இவர் கணக்குத் தெரியாதவர் என்று எண்ணுவது பெரும்பிழை. இவ்வகையின் செம்மையான மாதிரி, ராணிப்பேட்டைப் பக்கத்துத் தோல் ஷாப்பு ஒன்றில், அதாவது தோல் பதனிடும் தொழிற்சாலையில், தரம்பிரிக்கும் பிரிவில் வேலை பார்ப்பவர். பதனிட்ட தோலை வெளிச்சத்தில் விரித்து, உண்ணி கடித்த தழும்பையும் உரிக்கும்போது கத்தி பட்ட கீறலையும் ஒரே பார்வையில் கண்டுபிடித்து, முதல் தரத்தில் சேரவிருந்ததை மூன்றாம் தரத்துக்குத் தள்ளுபவர். கால் சதுர அடி குறைந்தாலும் அளவு இயந்திரத்தோடு வழக்காடுபவர். அந்தக் கழுகுக் கண்ணே, செயலியின் திரையில் 'இன்னும் ஒரே ஓர் ஆர்டர்' என்ற வரி தோன்றியதும், எந்தக் கீறலையும் காணாது கனிந்துவிடுகிறது.

திட்டம் பயன் தருமா என்பதை ஆராயப் புகுவோர்க்கு இவருடைய ஞாயிற்றுக்கிழமைகளே போதிய சான்று. 2022-இல் டோமினோஸ் நிறுவனம் இந்தியாவில் அறிமுகப்படுத்திய 'சீஸி ரிவார்ட்ஸ்' போன்ற திட்டங்களின் சாரம், குறித்த தொகைக்குக் குறையாமல் ஆறு ஆர்டர் செய்தவருக்கு ஒரு பீட்சா இலவசம் என்பதாகும். கணக்கின் வசதிக்காக அத்தகைய ஒரு திட்டத்தில் குறைந்தபட்சத் தொகை 350 ரூபாய் என்றும், இலவச பீட்சாவின் விலை 200 ரூபாய் என்றும் கொண்டால், 2,100 ரூபாய்ச் செலவுக்கு 200 ரூபாய், அதாவது ஏறத்தாழ 9.5 விழுக்காடு, திரும்பி வருகிறது. வங்கி வைப்புநிதிகூடத் தராத வீதம் இது என்று பாயிண்ட்காரர் சொல்வார், அதில் பொய் இல்லை.

சிக்கல் அடுத்த வரியில் தொடங்குகிறது. அவர் குடும்பத்தின் இயல்பான பில் 270 ரூபாய்க்குள் அடங்கிவிடும் என்பதால், வரம்பை எட்டுவதற்காக யாரும் கேட்காத ஒரு பூண்டு ரொட்டி 80 ரூபாய்க்கு வாங்கப்படுகிறது. ஆறு ஆர்டரில் ஆறு ரொட்டி, 480 ரூபாய். வீட்டுக்கு வரவழைத்தால் டெலிவரி கட்டணம் வீண் என்று அவரே வண்டியில் வேலூர் போய்த் திரும்புவதால், ஏறத்தாழ 24 கிலோமீட்டருக்கு அரை லிட்டர் பெட்ரோல் என்ற கணக்கில், நடைக்கு 50 ரூபாய் ஆகிறது. இலவச பீட்சாவும் தானே நடந்து கணியம்பாடிக்கு வருவதில்லையாதலால் நடை ஏழு, பெட்ரோல் 350 ரூபாய். ஆகமொத்தம் 200 ரூபாய்ப் பொருளை 830 ரூபாய் கூடுதல் செலவில் இலவசமாகப் பெற்றவர் என்ற பெருமை அவரைச் சேர்கிறது. வேலைநாளில் ராணிப்பேட்டைக்குப் போகும் வழியில்தானே வேலூர் இருக்கிறது, பெட்ரோலை ஏன் சேர்க்க வேண்டும் என்று அவர் வாதிடலாம், வாதம் நியாயமானதே. ஆனால் குடும்பத்தோடு சாப்பிடும் நாள் ஞாயிறு, தோல் ஷாப்பு திறந்திருக்கும் நாள் வேறு. எப்படியும் 350 ரூபாய்க்குச் சாப்பிடுபவரும் எப்படியும் அவ்வழியே போகிறவரும் ஆன ஒருவருக்கே அந்த 9.5 விழுக்காடு முழுமையாகக் கிடைக்கும். அத்தகையவர் வேலூரில் இருக்கக்கூடும்; அவரைக் கடைக்காரரும் பெரிதாக விரும்புவதில்லை, ஏனெனில் செயலி இல்லாமலும் அவர் வந்திருப்பார்.

இந்த மயக்கம் கணியம்பாடிக்கே உரியதன்று. ஜோசப் நூனஸ், சேவியர் ட்ரேஸ் என்னும் அறிஞர் இருவர் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், கார் கழுவும் நிலையமொன்றின் வாடிக்கையாளருள் பாதிப் பேருக்கு எட்டு முத்திரை தேவைப்படும் வெற்று அட்டையும், மறுபாதிப் பேருக்குப் பத்து முத்திரை தேவைப்படும், ஆனால் இரண்டு ஏற்கெனவே குத்தப்பட்ட அட்டையும் தரப்பட்டன. இருவகையிலும் கழுவ வேண்டிய தடவை எட்டுதான். முதல் வகையினரில் 19 விழுக்காட்டினரும் இரண்டாம் வகையினரில் 34 விழுக்காட்டினரும் அட்டையை நிரப்பினர். இலக்கு நெருங்க நெருங்க ஓட்டம் வேகம் பெறும் என்பதை அதற்கும் பல பத்தாண்டுகளுக்கு முன்பே கிளார்க் ஹல் எலிகளை வைத்துக் கண்டறிந்திருந்தார். 'சேர்ந்ததற்காக 100 புள்ளி' என்று செயலி முதல் நாளே வாரி வழங்குவதன் பின்னணி இதுவே. அதைத் தம் நற்பேறு என்று நம்பும் பாயிண்ட்காரரிடம் எலியைப் பற்றிச் சொல்வது பண்பாகாது.

அவருடைய எதிர்த்தாக்குதல் பிறந்தநாள் பிரிவில் நிகழ்கிறது. உறுப்பினரின் பிறந்தநாளில் ஒரு சாக்லேட் கேக் இலவசம் என்ற விதியைப் படித்த அன்றே, மனைவி, தாய், மைத்துனர், மாமியார் ஆகிய நால்வரின் கைப்பேசி எண்களிலும் கணக்குத் தொடங்கி, ஆண்டு முழுவதும் பரவுமாறு ஒவ்வொருவருக்கும் ஒரு பிறந்த மாதத்தை அவர் ஒதுக்கியிருக்கிறார். தனிநபர் தரவுப் பாதுகாப்புக்காக நாடாளுமன்றம் 2023-இல் சட்டம் இயற்றியிருக்கிறது என்றாலும், பொய்யான பிறந்தநாளுக்கு என்ன பாதுகாப்பு வேண்டியிருக்கிறது என்பது அவர் கேள்வி. பாலாடைக்கட்டியை வாழ்நாளில் தொட்டிராத தாயாருக்குச் சித்திரையில் வாழ்த்துச் செய்தி வருகிறது. பேரன் அதைப் படித்துக் காட்ட, "யாரோ பெத்த புள்ளைங்க ஞாபகம் வெச்சிருக்குதுங்க, நான் பெத்தது கேக்குதா பாரு" என்று அவர் மாலைவரை புலம்புகிறார். கேக் வாங்க வேண்டுமானால் அதோடு 350 ரூபாய்க்கு ஆர்டர் செய்ய வேண்டும் என்ற துணைவிதி பிறகு தெரியவருகிறது.

பயன்படுத்தப்படாமல் காலாவதியாகும் புள்ளிகளை இத்துறையினர் 'பிரேக்கேஜ்' என்பர். உண்ணப்படாத இலவசமே கடைக்குக் கிடைக்கும் இலவசம். மற்றொரு வழி, புள்ளியின் மதிப்பை மெல்லக் குறைப்பது. சிபோட்லே 2019-இல் தன் திட்டத்தைத் தொடங்கியபோது ஒரு டாலருக்குப் பத்துப் புள்ளி வீதம் 1,250 புள்ளிக்கு ஓர் இலவச உணவு தந்தது; பின்னர் அது 1,625 புள்ளியாக உயர்ந்தது. 125 டாலர் செலவிட்டால் கிடைத்தது 162.50 டாலருக்குப் போய்விட்டது. தம் பணம் சத்தமின்றி இளைப்பதை அறிந்து ரிசர்வ் வங்கியைத் திட்டும் பாயிண்ட்காரர், தம் புள்ளி இளைப்பதைப் 'புதிய சலுகை அறிவிப்பு' என்ற தலைப்பில் படித்து மகிழ்கிறார்.

இவருடைய மனைவி தீபாவளிச் சீட்டு கட்டுபவர். மாதாமாதம் பணம் கட்டி, பண்டிகைக்கு மளிகையும் பட்டாசும் இனிப்பும் பெறும் அந்த ஏற்பாட்டில் சீட்டுக்காரர் ஓடிவிடும் அபாயம் உண்டெனினும், இறுதியில் வந்துசேரும் பருப்பை வீட்டில் எல்லாரும் சாப்பிடுவர் என்பது அவர் தரப்பு. பூண்டு ரொட்டியைப் பற்றி அவர் கருத்துக் கூறுவதில்லை; மறுநாள் காலை அதைக் கணவரின் டிபன் பாக்ஸில் வைத்து அனுப்புகிறார்.

செயலியைவிட மிகப் பழமையான ஒரு லாயல்டி திட்டம் ஆம்பூர், வேலூர் வட்டாரத்துப் பிரியாணிக் கடைகளில் இயங்குகிறது. சீரகச் சம்பா அரிசியில் தம் போட்ட பிரியாணியில் இறைச்சித் துண்டு இல்லாமல் சோறு மட்டும் வாங்கினால் அதற்குக் குஸ்கா என்று பெயர்; விலையும் குறைவு. முகம் தெரிந்த வாடிக்கையாளர் குஸ்கா கேட்டால், கடை பாய் கரண்டியை அண்டாவின் ஓரமாக ஆழ விட்டு, வெளியே தெரியாதபடி ஒரு துண்டைச் சோற்றுக்குள் புதைத்து, மேலே கத்தரிக்காய்த் தொக்கையும் வைத்துக் கட்டிக் கொடுப்பார். இதற்கு ஓ.டி.பி. கிடையாது, காலாவதித் தேதியும் கிடையாது; ஒரு மாதம் ஊரில் இல்லாமல் திரும்பியவருக்குச் சில இடங்களில் இரண்டு துண்டு விழுவதுண்டு. எவ்வளவு செலவிட்டால் எவ்வளவு கிடைக்கும் என்பது எங்கும் எழுதப்படாமையால், கூடுதலாக எதையும் வாங்கி வரம்பை எட்ட வழியில்லை என்பது இத்திட்டத்தின் தனிச்சிறப்பு.

பாயிண்ட்காரருக்கு இது ஒழுங்கீனமாகப் படுகிறது. பத்துப் பிரியாணிக்கு ஒன்று இலவசம் என்று அட்டை அச்சடித்தால் வியாபாரம் பெருகும் என்று பாயிடம் விரிவாக எடுத்துரைக்கிறார். பொட்டலத்தின் நூலைப் பல்லால் அறுத்தபடியே பாய் கேட்கிறார்: "செஞ்சிடலாம் தம்பி. அப்போ அதுவரிக்கும் உன் குஸ்காவுல பீஸ் வெக்கத் தேவையில்ல, அப்படித்தானே?"

கணக்குப் போட்டு நாளைக்குச் சொல்வதாகக் கூறி, அவர் பொட்டலத்தை வாங்கிக்கொள்கிறார்.