இருட்டுக்கு மன்னிப்பு உண்டு

கேள்வி: டிக்கோயா வோர்லி தேவாலயத்துக்குள் எடுத்த படத்தில் வண்ணக் கண்ணாடி ஜன்னல் வெள்ளைத்தாள் போல, மர வாங்குகளோ ஒரே கறுப்பு. எடிட்டிங்கில் கரைசேர்க்க முடியுமா?
- வாசகர், ஹட்டன்

பதில்: பாதிக் கரைதான். 1878இல் கட்டிய கோயில். உள்ளே நிழல், வெளியே காசல்ரி நீர்த்தேக்கத்து வெளிச்சம். நம் கண் இரண்டையும் சமாளிக்கும், கேமராவுக்கு அந்தப் பொறுமை கிடையாது. ரா ஃபைல் இருந்தால் ‘ஷாடோஸ்’ஸை ஏற்றுங்கள், வாங்குகள் கொஞ்சம் புள்ளி விழுந்தாலும் எழுந்து வரும். அளவு மீறினால் தேவாலயம் கல்யாண மண்டபமாகிவிடும், ஜாக்கிரதை. முற்றாக வெளுத்த ஜன்னலில் மீட்க எதுவுமே பதிவாகவில்லை. அடுத்தமுறை ஜன்னலுக்கு எக்ஸ்போஷர் வையுங்கள். அல்லது ட்ரைபாடில் மூன்று எக்ஸ்போஷர் எடுத்து இணையுங்கள். டிஜிட்டல் கேமராவின் வேதம் இதுதான்: இருட்டில் செய்த பாவத்துக்கு மன்னிப்பு உண்டு, வெளிச்சத்தில் செய்ததற்கு இல்லை!