புரூனோ சாப்பிட்டானா?

அன்றொரு நாள் காலை பால் பாக்கெட்டோடு லிஃப்டுக்குக் காத்திருந்தவனை மூன்றாம் மாடி மாமி மடக்கிவிட்டார். "என்ன, உங்க நாய் சாப்பிடவே மாட்டேங்குதாமே? அந்தக் காஞ்ச உருண்டையைப் போட்டா எந்த ஜீவன் சாப்பிடும்? கொஞ்சம் தயிர் சாதம் பிசைஞ்சு வச்சுப் பாருங்களேன்."

இதே மாமிதான் போன மாதம், தெருநாயைக் குடியிருப்புக்குள் கொண்டுவரக் கூடாது என்று வீடு வீடாகக் கையெழுத்து வாங்கியவர். எனக்கென்னவோ அந்த எதிர்ப்பே தேவலை என்று தோன்றுகிறது. எதிர்ப்போடு யாரும் டிபன் பாக்ஸ் கொண்டு வருவதில்லை.

புரூனோ பல்லாவரம் பக்கம் வண்டியில் அடிபட்டுக் கிடந்தவன். காப்பகத்தில் கால் சரியாகி, கருத்தடை முடிந்து, அதற்கு அடையாளமாகக் காது நுனியில் ஒரு வெட்டும் வாங்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தான். பெயர் காப்பகத்தார் வைத்தது. அம்மா 'புருனா' என்பார். அவன் இரண்டுக்கும் திரும்புவதில்லை. சோபாவுக்கு அடியில்தான் வாசம். கிண்ணத்தை வைத்தால் முகர்வான், எங்களைப் பார்ப்பான், சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வான்.

காப்பகத்தில் சொல்லித்தான் அனுப்பினார்கள். புது இடம், முதல் சில நாள் சரியாகச் சாப்பிட மாட்டான். கிண்ணத்தை வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். கால் மணி நேரம், இருபது நிமிடம் பார்த்து எடுத்துவிடுங்கள். பக்கத்தில் நிற்காதீர்கள், முறைத்துப் பார்க்காதீர்கள். நம் வீடுகளில் நடக்கிற காரியமா இது? கிண்ணம் தரையைத் தொட்டதும் அம்மா, மனைவி, பையன், வேலைக்கு வரும் அக்கா, கேஸ் கொண்டுவந்தவர் எல்லோரும் சுற்றி நிற்கிறார்கள். "ஒரு வாய்டா கண்ணா." நானாக இருந்தாலும் சோபாவுக்கு அடியில்தான் போவேன்.

அவனை எப்படிச் சாப்பிட வைப்பது என்பதற்கு வருகிறேன். அதற்கு முன் தயிர் சாதத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

எனக்கு அதன்மேல் பகை கிடையாது. ஆனால் அதற்கு இந்த ஊரில் கொடுத்திருக்கிற அதிகாரம் முதலமைச்சருக்குக்கூடக் கிடையாது. காய்ச்சலா, தயிர் சாதம். காய்ச்சல் விட்டதா, தயிர் சாதம். வயிற்றுப்போக்கா, அதேதான். ரயில் ஏறினால் ஒரு பொட்டலம், இறங்கினால் ஒரு தட்டு. பரீட்சைக்குப் போகிறவனுக்கு ஒரு ஸ்பூன் தயிர், தோற்று வந்தவனுக்கு ஒரு கிண்ணம் தயிர் சாதம். டெல்லியில் ஒரு வாரம் ரொட்டி தின்றவன் விமான நிலையத்திலிருந்தே போன் போட்டுக் கேட்பது அதைத்தான். ஏசி ஹோட்டலில் அதற்கே வேறொரு பெயர் வைத்து, மேலே மாதுளை முத்தைத் தூவி, விலையை மூன்று மடங்காக்கி விற்கிறார்கள். நாமும் சாப்பிட்டுவிட்டு, "நம்ம வீட்டு ருசி வராது" என்று சொல்லி டிப்ஸ் வைக்கிறோம். கல்யாணப் பந்தியில் பச்சைத் திராட்சை வேறு.

மாமி கொடுத்தனுப்பிய டப்பாவிலும் திராட்சை இருந்தது. திராட்சை நாய்க்குச் சிறுநீரகத்தையே செயலிழக்க வைக்கலாம் என்று சொல்லிப் பார்த்தேன். "அப்ப அதைப் பொறுக்கிட்டு வைங்க" என்றார். இரண்டாம் மாடி இட்லி சாம்பாரில் ஊறி வந்தது; சாம்பாரில் வெங்காயம். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும் என்றேன். "எங்க ஊர்ல நாயெல்லாம் பிரியாணியே சாப்பிடும் சார்." முதல் மாடிக்காரர் கருவாட்டைச் சுட்டு வைக்கச் சொன்னார். வந்த யோசனைகளில் பாதியாவது உருப்படியானது அதுதான். மனித நாக்கில் சுமார் 9,000 சுவை மொட்டுகள் என்றால் நாய்க்கு 1,700 அளவில்தான். அது மூக்கால் சாப்பிடுகிற பிராணி. அதனால்தான் உணவை லேசாகச் சூடாக்கி வாசனையைக் கிளப்பச் சொல்கிறார்கள். ஆனால் கருவாட்டில் உள்ள உப்பு? அதைக் கேட்டதும் அவருக்கு முகம் வாடிவிட்டது.

வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கியது 1903-இல். எங்கள் குடியிருப்பில் எல்லோரும் அதற்கு முன்பே படித்து முடித்துவிட்டார்கள் போலிருக்கிறது.

நான் டாக்டரிடம் போனேன். உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார், வெளிறிக் கிடந்தது. காய்ச்சல் 104 டிகிரி, நாய்க்கு 102.5 வரை சாதாரணம். பிறகு காது மடலைப் புரட்டிக் காட்டினார். உள்ளே ஆமணக்குக் கொட்டை கணக்காக ஓர் உண்ணி, சாம்பல் நிறத்தில், புடைத்துப்போய். எங்கள் வீட்டில் வயிறாரச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது அது ஒன்றுதான். ரத்தப் பரிசோதனையில் தட்டணுக்கள் குறைந்திருந்தன. உண்ணிக் காய்ச்சல். டாக்ஸிசைக்ளின் எழுதினார். அதையும் சாப்பாட்டோடுதான் கொடுக்க வேண்டுமாம். சாப்பிடாத நாய்க்கு!

மாத்திரையை வெந்த கோழித் துணுக்குக்குள் மறைத்து வைத்தோம். கோழியை நக்கி எடுத்துவிட்டு மாத்திரையைத் தரைவிரிப்பில் சுத்தமாக வைத்துவிட்டுப் போனான். அந்தத் திறமையைப் பற்றியே தனியாக எழுதலாம்.

எப்படியோ மருந்து உள்ளே போய், நேற்று ராத்திரி பாதிக் கிண்ணம் காலி. மருந்து வேலை செய்கிறது என்று அம்மாவிடம் சொல்லி வாய் மூடவில்லை, குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் மாமி அறிவித்துவிட்டார்: தயிர் சாதம் ஜெயித்தது. கைகூப்பிய பொம்மைகள் குவிகின்றன. கருவாட்டுக்காரர் மறுப்பு எழுதிக்கொண்டிருக்கிறார். இட்லி தரப்பும் உரிமை கோரியிருக்கிறது. ரத்தப் பரிசோதனை பில்லைப் படமெடுத்து நானும் போட்டேன். அதற்கு இதுவரை ஒருவரும் உரிமை கோரவில்லை.