பசித்த கோச்சே நல்ல கோச்

முதன்முறையாக பிசீக் எனும் உடற்கட்டுப் போட்டி மேடை ஏறப்போகும் பெண்ணுக்கு யார் பயிற்சி தரலாம்? தானும் அடுத்த போட்டிக்குத் தயாராகிக்கொண்டிருக்கும் இன்னொரு பெண்தான் என்பது என் கட்சி. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் எந்த ஜிம்மில் இதைச் சொன்னாலும் உடனே ஓர் எதிர்க்கட்சி கிளம்பும்: தன் வயிற்றையே கட்டிக்கொண்டு அழுகிறவள் அடுத்தவள் வயிற்றை எங்கே கவனிக்கப் போகிறாள்? கேள்வி நியாயமானதுதான். ஆனால் இந்த விளையாட்டில் பாதிப் பாடமே வயிறுதான். உடல் எடையில் கிலோவுக்குக் குறைந்தது 1.6 கிராம் புரதம் வேண்டும் என்பது பொதுவான கணக்கு. 55 கிலோ பெண்ணுக்கு அது 88 கிராம். ஓர் இட்லியில் இருப்பது சுமார் 2 கிராம். ஆக, 44 இட்லி. இதைக் கேட்டு மலரும் முகங்களை உடனே வாட வைப்பதுதான் கோச்சின் முதல் கடமை: புரதம் மட்டும்தான் வேண்டும், இட்லி வேண்டாம். முட்டை வெள்ளைக்கரு, கோழி நெஞ்சுக்கறி, மீல்மேக்கர் என்று அவர் சொல்லும்போது அவர் வயிறும் காலியாக இருந்தால்தான் அந்தப் பேச்சு எடுபடும். மூக்குப்பிடிக்க பிரியாணி சாப்பிட்டவர் சொன்னால் அது வெறும் உபதேசம்.

இது வெறும் வாதம் அல்ல. ஹைதராபாத்தின் பெண் பயிற்சியாளர் கிரண் டெம்ப்லா நடிகைகளுக்குப் பயிற்சி தந்தபடியே 2013இல் புடாபெஸ்ட் உலக உடற்கட்டுப் போட்டி மேடையிலும் நின்றவர். பெண்கள் உடம்பை முறுக்கேற்றினால் ஆண்போல் ஆகிவிடுவார்கள் என்று பயப்படுவோரும் உண்டு. பெண்ணின் ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் ஆணுக்கு இருப்பதில் பதினைந்தில் ஒரு பங்குகூட இராது. தண்டால் எடுத்து அது ஏறிவிடாது. ஊசி போட்டுக்கொள்வது வேறு கதை. வாணியம்பாடித் தோல் ஆலையில் கூலி வேலை பார்த்த, இரண்டு பிள்ளைகளின் தாயான சங்கீதா, 2022இல் தென்னிந்திய உடற்கட்டுப் போட்டியில் தங்கம் வாங்கினார். அவரைக் கேலி செய்தவர்கள் என்ன வாங்கினார்கள் என்று தெரியவில்லை. அறுபது டன் டாங்கி தயாராகும் ஆவடி, ஒரு பெண்ணின் தோள்பட்டையைக் கண்டா மிரள வேண்டும்?

கனமான ஆட்சேபம் வேறொன்று. பசி முற்றினால் கோச்சுக்கும் புத்தி தடுமாறும். தவிர, மாணவியும் அவரும் ஒரே மேடையில் மோதினால்? மோதலுக்கு மருந்து எளிது: பிகினி, பிசீக் என்று பிரிவுகள் இருக்கின்றன, உயர வாரியாகவும் பிரிக்கிறார்கள், அப்படியும் ஒரே வரிசையில் நிற்க நேர்ந்தால், கட்டணம் வாங்கும் முன்பே சொல்லிவிடுவது மரியாதை. தடுமாற்றத்துக்கு மருந்து நோட்டுப்புத்தகம். வாரத்துக்கு உடல் எடையில் அரை முதல் ஒரு சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது என்று எழுதி வைத்துவிட்டால், முடிவு எடுப்பது கணக்கு, பசி அல்ல. கோச்சின் உடம்பைப் பார்த்துச் சொல்லவும் வேறொருவர் வேண்டும். பட்டினியில் கண்ணாடி யாருக்கும் உண்மை பேசாது.

ஆகவே, பயிற்சியில் சேரப்போகும் பெண்களே, கோச்சின் கோப்பைகளை எண்ணிக்கொண்டிருக்காதீர்கள். "பட்டினியில் மாதவிடாய் நின்றுபோனால் என்ன செய்வீர்கள்?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். "போட்டியைத் தள்ளிவைத்துவிட்டு டாக்டரிடம் அனுப்புவேன்" என்கிறவரிடம் மட்டும் பணம் கட்டுங்கள்.