ஏரிக்கரையிலிருந்து பனி ஏரிக்கு

கே: பருத்திப்பட்டு ஏரிக்கரையில் தினமும் நடக்கிறேன். காஷ்மீரின் கங்காபல் ஏரிக்கு மலையேற இந்தப் பயிற்சி போதுமா?
– ஆவடி வாசகர்

ப: சமதளத்துக்குப் போதும்; மலைக்குப் போதாது. நாராநாக்கில் சுமார் 2,100 மீட்டரில் தொடங்கும் பாதை, 3,500 மீட்டரைத் தாண்டி ஏரியில் முடிகிறது. ஆவடியில் மேடு என்றால் மேம்பாலம்தான். ஆகவே ஞாயிறுதோறும் மின்சார ரயிலில் திருத்தணி போங்கள். முதுகில் பையோடு 365 படிகளையும் ஏறி இறங்குங்கள். முட்டியைச் சோதிப்பது ஏற்றமல்ல, இறக்கம். ஜூலை முதல் செப்டம்பர் வரைதான் அங்கே காலம். கோடையிலேயே பழக ஆரம்பியுங்கள்.

கே: மேலே ஆக்சிஜன் குறைவாமே?
– அம்பத்தூர் தொழிற்பேட்டை ஊழியர்

ப: காற்றில் ஆக்சிஜன் அங்கும் இங்கும் 21 சதவீதம்தான். குறைவது காற்றழுத்தம். 3,500 மீட்டரில் ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன், அம்பத்தூரில் கிடைப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. இதற்கு உடம்பு பழக நாள் வேண்டும். 3,000 மீட்டருக்கு மேல், நேற்றுத் தூங்கிய இடத்தைவிட 500 மீட்டருக்கு அதிகமான உயரத்தில் இன்று தூங்காதீர்கள் என்பது மருத்துவர்களின் கணக்கு. லேசான தலைவலி என்றால் மேலே ஏறாமல் அங்கேயே ஓய்வெடுங்கள். வாந்தி, தள்ளாட்டம், உட்கார்ந்திருந்தும் மூச்சிரைப்பு வந்தால் உடனே கீழே இறங்குங்கள். ஜிம் உடம்பும் இதற்கு விலக்கல்ல.

கே: அங்கே சாதம் வேகுமா?
– பூந்தமல்லி வாசகி

ப: அந்த உயரத்தில் தண்ணீர் சுமார் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் அரிசி வெகுநேரம் அடம்பிடிக்கும். பருப்பு கேட்கவே வேண்டாம். குக்கர் இருந்தால் பசியாறலாம்.

கே: ரூப்குண்ட் ஏரியின் எலும்புக்கூடுகள் யாருடையவை?
– திருமுல்லைவாயில் மாணவர்

ப: உத்தராகண்டில் சுமார் 5,000 மீட்டர் உயரத்தில் இருக்கும் அந்த ஏரியில் 1942-ல் வனத்துறைக்காரர் ஒருவர் அவற்றைக் கண்டார். ஒரே ஆலங்கட்டி மழையில் மாண்ட கூட்டம் என்றே நெடுங்காலம் நம்பினோம். 2019-ல் வந்த மரபணு ஆய்வு அதை மாற்றியது: அவர்கள் வெவ்வேறு நூற்றாண்டுகளில் இறந்தவர்கள்; கிழக்கு மத்தியதரைக்கடல் வம்சாவளியினரும் அவர்களில் உண்டு. அவ்வளவு தூரம் அவர்கள் ஏன் வந்தார்கள் என்பது இன்னும் விடுபடாத புதிர்.

கே: கைப்பேசியில் மேப் இருக்க, வழிகாட்டி எதற்கு?
– திருநின்றவூர் வாசகர்

ப: மேப் பாதையைக் காட்டும், மேகத்தின் மனசு உள்ளூர்க்காரருக்குத்தான் தெரியும். 2018 மார்ச்சில் குரங்கணி மலைத்தீயில் மலையேறப் போனவர்களை இழந்தோம். அனுமதியும் உள்ளூர்த் துணையும் இல்லாமல் எந்த மலையிலும் கால் வைக்காதீர்கள்.

கே: பாதியில் திரும்பினால் ஊரில் கேலி செய்வார்களே?
– பட்டாபிராம் வாசகி

ப: கேலி நாலு நாள் பேச்சு. ஏரி அடுத்த வருஷமும் அங்கேதான் இருக்கும். அதைப் பார்க்க நீங்களும் இருக்க வேண்டும்.

கே: கங்காபல் ஏரிக்கு நாம் என்ன செய்யலாம்?
– கொரட்டூர் வாசகர்

ப: கங்காபல், காஷ்மீரப் பண்டிதர்கள் முன்னோர் அஸ்தியைக் கரைக்கும் புனித நீர். அந்தக் குளிரில் குப்பை எளிதில் மக்காது. பிஸ்கட் கவரைக்கூடப் பையில் போட்டுக் கீழே கொண்டுவாருங்கள். அதே கையால் அம்பத்தூர் ஏரிக்கரையிலும் எதையும் வீசாதீர்கள்.