தொட்டிக்குள் ஐப்பசி

கொளத்தூர் மீன் கடைகளில் கோரிடோராஸ் கெளுத்திக்கு ஒரே அறிமுகம்தான்: "கிளீனர் மீன் சார். விட்டுட்டீங்கன்னா தொட்டியை அதுவே பாத்துக்கும்." சம்பளமில்லாத ஆள் யாருக்குக் கசக்கும்? வீட்டுக்கு வந்தால், துரை ஒரு வேலையும் செய்வதில்லை. பாசியைத் தொடாது. கழிவைத் தொடவே தொடாது. தன் பங்குக்குக் கொஞ்சம் சேர்த்து வைக்கும். அதற்கென்று அடியில் மூழ்கும் தீனி, மீசை தேயாமல் துழாவ மெல்லிய மணல், கூட்டாளிகள் அஞ்சாறு பேர், எல்லாம் வேண்டும்.

இரண்டரை அங்குல உடம்பு, எலும்புத் தகட்டுக் கவசம், மீசை என்று பார்க்க ஓய்வுபெற்ற ஹவில்தார் போலவே இருக்கும். குடலாலும் மூச்சு விடும் என்பதால், திடீரென்று மேலே பாய்ந்து ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டு இறங்கும். "பாவம்டா, மூச்சு முட்டுது" என்று அம்மா அந்தக் கணமே அதன் கட்சிக்கு மாறிவிட்டார்.

இதைக் குஞ்சு பொரிக்க வைக்கும் ஆசையைக் கிளப்பியவர் பியேர் கார்போனியே. டார்வின் தம் பீகிள் பயணத்தில் பிடித்து வந்த மிளகுப் புள்ளிக் கெளுத்தியை, 1878இலேயே பாரிஸில் தொட்டியில் முட்டையிட வைத்த மனிதர். மின்சார ஏர் பம்ப் இல்லாத காலம். நம்மிடம் பம்ப் இருக்கிறது, இன்வெர்ட்டர்கூட இருக்கிறது.

இல்லாதது மழை. தென்னமெரிக்க ஆற்றில் குளிர்ந்த புதுவெள்ளம் இறங்கும்போதுதான் இவற்றுக்குக் கல்யாண நினைப்பே வரும். சென்னையில் மே மாதம் குழாயைத் திறந்தால் ரசம் வைக்கலாம். ஆகவே பாதித் தண்ணீரை இறைத்துவிட்டு, சில டிகிரி குறைவான தண்ணீரை ஊற்றி மழைக்காலத்தைப் பொய்யாக வரவழைக்க வேண்டும். ஃபிரிட்ஜ் முழுக்க மீன் தண்ணீர். சாப்பிட வந்த மைத்துனன் ஒரு பாட்டிலைக் காலி செய்துவிட்டு, "தண்ணி நல்லாருக்கு மாமா, எந்தக் கம்பெனி?" என்றான்.

பெண் மீன்களுக்கு ரத்தப்புழு கொடுத்து உடம்பைத் தேற்றினோம். தினமும் காபியோடு தொட்டி முன் நின்று அம்மா கேட்பார்: "என்ன, ஏதாவது விசேஷம் உண்டா?" கல்யாணமான புதிதில் இதே கேள்வியை இதே ராகத்தில் வாங்கிக்கொண்ட என் மனைவி, மீன்களை ஒருவித அனுதாபத்துடன் பார்த்தாள்.

கடைசியில் வங்கக் கடல்தான் கைகொடுத்தது. காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் என்று செய்தி வந்ததும் தெருவே பாலுக்கும் மெழுகுவத்திக்கும் ஓடியது. நான் வாளியைத் தூக்கினேன். மறுநாள் காலை தொட்டியில் ஒரே துரத்தல்.

அடுத்து நடப்பதை அம்மாவுக்கு விளக்கும் தைரியம் எனக்கு இல்லை. ஆணின் வயிற்றில் பெண் வாயைப் பொருத்தி விந்தைக் குடித்துவிடும். அந்த விந்து பெண்ணின் குடல் வழியே விறுவிறுவென்று பயணம் செய்து, இடுப்புத் துடுப்புகளைக் குவித்துப் பிடித்திருக்கும் முட்டைகளிடம் வந்து சேரும். வெண்கலக் கெளுத்தியில் இதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 1995இல் எழுதினார்கள். "முத்தம் குடுக்குதுடா!" என்றார் அம்மா. ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

முட்டைகளைக் கண்ணாடியில் ஒட்டிவிட்டு, பெற்றோரே திரும்பி வந்து டிபன் முடித்துவிடும். அதற்குள் காலாவதியான ஏடிஎம் கார்டால் வழித்து, ஐஸ்கிரீம் டப்பாவுக்கு மாற்றி, பூஞ்சைக்கு மருந்தாகத் தெருமுனை வாதாம் மரத்துச் சருகு ஒன்றைப் போட்டோம். அப்படியும் சில வெளுத்துப் பஞ்சு கட்டின. மற்றவை சில நாளில் பொரிந்தன. கண்ணும் வாலும்தான் குஞ்சு. நடுவில் இருப்பதை நம்பிக்கையால் பார்க்க வேண்டும். அவற்றுக்குத் தீனி ஆர்ட்டீமியா என்னும் உப்புநீர்ப் பொடி இறால்; அதையும் நாமே பொரிக்க வைக்க வேண்டும். மிக்ஸி இருந்த இடத்தில் இப்போது உப்புத்தண்ணீர் பாட்டில் குமிழியிடுகிறது.

தீபாவளிக்கு மதுரை போவதாக இருந்தது. "குஞ்சுகளுக்கு ரெண்டு வேளை யாரு போடுவா?" என்று அம்மா கேட்டதோடு பயணம் நின்றது. டிக்கெட்டை ரத்து செய்து, பிடித்தம் போக வந்த பணத்தில் இன்னொரு டப்பா ஆர்ட்டீமியா வாங்கினோம்.